வடிவு வீட்டு மழை

மகன் வேலவன் மஞ்சள்காமாலையில் போன பிறகு வடிவு வெளித்தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவன் எந்தத் தெருக்குழாயில் வாய் வைத்தான், எந்தக் கடையில் யார் மொண்டு கொடுத்ததைக் குடித்தான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கண் மஞ்சளாகி, நகம் மஞ்சளாகி, அவன் படுத்திருந்த தலையணை உறைகூட மஞ்சளாகி, ஐப்பசி முடிவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. அதற்குப் பிறகு அந்த நகரத்தில் யார் தம்ளரை நீட்டினாலும் அவள் கை நீட்டி வாங்கவில்லை. கடையில் வாங்கிய அரிசியைக் கழுவிக் கழுவி நொய்யாக்கினாள். இளையவள் கோமதி தாகம் என்று சொன்னால்கூட, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்து, மறுபடியும் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தாள்.

அவள் புருஷன் திரவியம் பைப் கடையில் வேலை பார்த்தவன். பிளாஸ்டிக் குழாயைக் கையால் தடவிப் பார்த்தே அது எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லிவிடுவான். ஆனால் பெண்டாட்டியை எப்படித் தேற்றுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒருநாள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "நம்ம கள்ளிப்பொட்டலுக்குப் போயிருவோம் வடிவு. மாமா வீடு பூட்டித்தான கெடக்கு. யாரு தண்ணியும் வேண்டாம், யாரு சோறும் வேண்டாம். நம்ம கூரையில விழுந்தா நாம குடிப்போம், நம்ம மண்ணுல காய்ச்சா நாம திம்போம்" என்றான். மகன் போன பிறகு அவள் முகம் கொடுத்துக் கேட்ட முதல் பேச்சு அதுதான்.

கள்ளிப்பொட்டல், கரிசல் காட்டுக்கு நடுவில் கருவேல மரங்களும் ஓர் ஊருணியும் கொஞ்சம் வீடுகளுமாக இருந்த ஊர். ஊருணி மாசியிலேயே தரை தட்டிவிடும். அதன் பிறகு பஞ்சாயத்து அனுப்பும் லாரித் தண்ணீர்தான். மழைமேகங்கள் மேற்கிலிருந்து வந்து ஊருக்கு மேலாகக் கடந்து, கடலைப் பார்த்துப் போகும். திரவியத்தின் தாய்மாமன் விட்டுப்போன ஓட்டுவீடு ஊரின் கீழ்க்கோடியில் முள்வேலிக்குள் நின்றது. திரவியம் ஓட்டின் விளிம்பைச் சுற்றித் தகர வாய்க்கால் கட்டினான், குழாய் இறக்கினான், பின்பக்கம் ஆளுயரத்துக்குக் குழி தோண்டிச் செங்கல் கட்டிச் சிமெண்டு பூசித் தொட்டியாக்கினான், தொட்டிக்கு முன்னால் ஜல்லியும் மணலும் அடுப்புக்கரியும் அடுக்கி ஒரு வடிகட்டி வைத்தான். வடிவு ஜாடிகள் வாங்கினாள். உப்பு நார்த்தங்காய், மோர் மிளகாய், மிதுக்கு வத்தல், அதலைக்காய் வத்தல், கொத்தவரை வத்தல், கூழ் வடகம், நல்லெண்ணெய் மேலே நிற்கிற மாங்காய் ஊறுகாய் என்று அவள் ஓர் அறை முழுவதையும் நிறைத்தாள். வெயில் அந்த ஊரில் வேண்டிய மட்டும் கிடைத்தது. காலையில் பாயில் பரப்பினால் சாயங்காலம் கலகலவென்று அள்ளலாம். வாய் கட்டிய ஜாடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும், தன் குழந்தைக்கு இனி எதுவும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது என்று அவளுக்குத் தோன்றும்.

அடுத்த வீட்டில் சீனியம்மாள் என்று ஒரு பொம்பளை இருந்தாள். புருஷன் இல்லை, இரண்டு மகன்களும் தண்ணீர் இல்லாத ஊரில் இருந்து என்ன செய்ய என்று திருப்பூருக்குப் போய்விட்டார்கள். புது ஆட்கள் வந்த அன்றே அவள் ஒரு செம்பில் தண்ணீரும் ஒரு கிண்ணத்தில் கருப்பட்டியும் கொண்டுவந்தாள். வடிவு கும்பிட்டாள், ஆனால் வாங்கவில்லை.

"மன்னிச்சுக்கோங்கக்கா. நாங்க வெளித்தண்ணி பொழங்குறதில்ல."

சீனியம்மாள் நீட்டிய செம்பை இழுத்துக்கொண்டாள். "நல்ல தண்ணிதான் தாயி" என்றாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள். அது ஊர் முழுக்கப் பரவியது. அந்த ஊரில் தண்ணீர் கொடுப்பதென்பது லேசான காரியம் இல்லை. லாரிக்குக் காத்திருந்து அடிபட்டுப் பிடித்து வந்த தண்ணீரை வேண்டாம் என்று சொன்னவளை ஊர் மன்னிக்கவில்லை, வையவும் இல்லை; பேசாமல் விட்டுவிட்டது. வடிவுக்கு அதுவும் சௌகரியமாகத்தான் இருந்தது.

அப்படியே இருந்திருந்தால் அவர்கள் மூன்று பேரும் யாருக்கும் வேண்டாதவர்களாக, யாரும் வேண்டாதவர்களாகக் காலத்தை ஓட்டியிருப்பார்கள். அடுத்த வருஷம் புரட்டாசி பெய்யவில்லை. ஐப்பசி பெய்யவில்லை. கார்த்திகையில் மேகம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது. திரவியம் கட்டிய தொட்டியின் அடியில் பூனை படுத்துக் கிடந்தது. தை, மாசி, பங்குனி எல்லாம் போய்ச் சித்திரை வந்தபோது ஊருணி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது, லாரி வருவது குறைந்தது, வடிவு குடம் குடமாகச் சேமித்து வைத்திருந்த பழைய மழைத்தண்ணீரில் கடைசிக் குடத்தை மகளுக்கு மட்டும் என்று தனியாக மூடி வைத்தாள். அந்தக் குடமும் காலியான ஒரு மத்தியானம், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சீனியம்மாள் வீட்டில் போய்த் தண்ணீர் கேட்பதா வேண்டாமா என்று அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, அவள் வீட்டுக் கூரைமேல் மழை பெய்தது.

வானத்தில் மேகம் இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்த வெறும் வானத்திலிருந்து மழை இறங்கி, வடிவின் வீட்டின்மேல், முற்றத்தின்மேல், புழக்கடையின்மேல், முள்வேலி வரைக்கும் பெய்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. ஓட்டில் விழுந்து, தகர வாய்க்காலில் கூடி, குழாயில் இறங்கி, ஜல்லியும் மணலும் கரியும் கடந்து தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுப் பூனை வெளியே ஓடியது. மழை அன்றைக்கு நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. கொட்டவும் இல்லை, தூறவும் இல்லை; வேலைக்கு வந்த ஆள் நிதானமாக வேலை பார்ப்பதுபோல ஒரே சீராகப் பெய்தது. மூன்றாம் நாள் தொட்டி நிரம்பி வழிந்து முற்றத்தில் ஓடத் தொடங்கியபோது ஊர் ஜனம் முழுவதும் வேலிக்கு வெளியே வெயிலில் குடத்தோடு நின்றது. பஞ்சாயத்துத் தலைவர் குருவையா படல் வரைக்கும் முன்னால் வந்தார்.

"தம்பி, வழியிற தண்ணியத்தான் கேக்கோம்."

திரவியம் வடிவைப் பார்த்தான். வடிவு ஜனங்களைப் பார்த்தாள். கூட்டத்தின் கடைசியில் சீனியம்மாள், வருவதா போவதா என்று தெரியாமல் இடுப்பில் வெறுங்குடத்தோடு நின்றாள். வடிவு மழையில் நனைந்தபடி போய் வேலிப்படலைத் திறந்தாள். "வாங்கக்கா, நீங்க மொதல்ல பிடிங்க" என்றாள்.

ஏன் பெய்கிறது என்று கொஞ்ச நாள் பேசினார்கள். செத்த பிள்ளையின் தாகம் என்றார்கள், மாமன் செய்த புண்ணியம் என்றார்கள், கேமராவோடு டவுனிலிருந்து வந்தவர்கள் ஒருநாள் முழுக்கப் படம் பிடித்துவிட்டு, மழை மழையாகத்தான் தெரிகிறது என்று சொல்லிப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள். வேலை நிறைய இருந்தது. திரவியம் சொல்லச் சொல்ல இளவட்டங்கள் தொட்டியைப் பெரிதாக்கினார்கள், தொட்டியிலிருந்து தெருவுக்குத் தெரு குழாய் இழுத்தார்கள், மிஞ்சுவது ஊருணிக்குப் போக வாய்க்கால் வெட்டினார்கள். எந்தத் தெருவுக்கு முதலில் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள், பிறகு குருவையா வீட்டில் உட்கார்ந்து முறை வைத்துக்கொண்டார்கள். பொட்டலாகக் கிடந்த இடத்தில் கத்தரியும் மிளகாயும் வந்தன. வெளியூர் ஆடுகள்கூட வழி கண்டுபிடித்து வந்து வாய்க்காலில் வாய் வைத்தன. பஸ் கண்டக்டர்கள் நிறுத்தத்துக்கு மழைவீடு என்று பேர் வைத்தார்கள். பிள்ளை பிறந்தால் முதல் குளிப்பாட்டும், பெண் சமைந்தால் தலைத்தண்ணீரும், ஆள் செத்தால் கடைசிக் குடமும் வடிவு வீட்டுத் தண்ணீர்தான் என்று ஆனது. தபால்காரர் வேலி வரைக்கும் வெயிலில் வந்து, அங்கே நின்று குடையை விரித்து, வாசலில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, திரும்பி வேலியைத் தாண்டியதும் குடையை மடக்கிக்கொண்டு போவார். சீனியம்மாளின் மூத்த மகன் திருப்பூரிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளோடு திரும்பி வந்தான். அவனைப்போலப் பல பேர் வந்தார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளில் புகை எழுந்தது.

வடிவின் வீட்டுக்குள் எல்லாம் கெட்டுக்கொண்டிருந்தது. உப்புச் சாடியில் உப்பு இளகி நீராக நின்றது. கருப்பட்டி உருகிக் கூடையின் வழியாகக் கசிந்தது. கலகலவென்றிருந்த வத்தல்கள் தோலாகத் துவண்டன, வடகத்தில் பச்சையாகவும் கறுப்பாகவும் பூசணம் ஏறியது, எண்ணெய்க்கு மேலே தலை நீட்டிய மாங்காய்த் துண்டுகளில் வெள்ளையாக ஆடை படிந்தது. துவைத்த துணி காயவில்லை. தீக்குச்சி பற்றவில்லை. சுவரில் பாசி ஏறியது. அவள் பொத்திப் பொத்திச் சேர்த்து வைத்த அறையிலிருந்து ஜாடி ஜாடியாக எடுத்துக்கொண்டுபோய்ப் புழக்கடையில் கொட்டியபோது, சீனியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வடிவு, அதையெல்லாம் இங்கிட்டுக் குடு. எம் மச்சியில, மொட்டமாடி வெயில்ல காயப்போடுதேன்."

அன்றிலிருந்து ஊர் வடிவுக்கு வெயில் கொடுக்கத் தொடங்கியது. காலையில் தண்ணீர் எடுக்க வருகிற பெண்கள் போகும்போது அவளுடைய ஈரப் புடவைகளையும் பாய்களையும் வெட்டிய கத்தரிக்காயையும் மோரில் ஊறிய மிளகாயையும் கொண்டுபோவார்கள். சாயங்காலம் காய்ந்து மொறுமொறுவென்று திரும்பி வரும். தகர டப்பாவில் போட்டு, பழந்துணியில் சுற்றி, அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றினால் கொஞ்ச நாள் தாங்கும். தலையணை வெயில் சூட்டோடு வரும். வடிவு அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சூடு அடங்கும்வரை அப்படியே இருப்பாள். சீனியம்மாள் வீட்டிலிருந்து வரும் கஞ்சியைக் குடிக்கவும் ஆரம்பித்தாள். "இப்ப எங்க வீட்டுத் தண்ணியும் உங்க வீட்டுத் தண்ணிதான, குடிக்கலாம்" என்று சீனியம்மாள் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். வடிவு சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அந்தக் கார்த்திகையில் கோமதிக்கு இளைப்பு வந்தது. முதலில் சளி என்று நினைத்தார்கள். பிறகு அவள் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து, தோள் ஏறி இறங்க அவள் காற்றை இழுப்பதைப் பார்க்கையில் வடிவுக்கு மூத்தவனின் மஞ்சள் முகம் தெரிந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஆவி பிடிக்க வைத்தார்கள், ஊசி போட்டார்கள். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டாள்: "வீடு எப்படி? ஈரம் இருக்குமா?"

"எப்பவும் மழைதான் டாக்டர்."

"அந்த வீட்டுல இந்தப் புள்ள இருக்கக் கூடாதும்மா. மருந்தெல்லாம் அதுக்கப்புறம்."

வடிவு ஆஸ்பத்திரியில் மகளோடு தங்கினாள். அவள் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த அந்த நாட்களில் கள்ளிப்பொட்டலில் மழை முதலில் மெலிந்தது, பிறகு ஓட்டின் விளிம்பில் சொட்டியது, பிறகு நின்றது. திரவியம் வீட்டில்தான் இருந்தான்; அவன் இருந்தும் நின்றது. தொட்டியில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தபடி ஊர் வேலியோரம் நின்றது. அப்போதுதான் மழை யாருக்காகப் பெய்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது.

அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வேனில் வந்தார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள், கோமதிக்குக் கவுனும் வளையலும் வாங்கி வந்தார்கள். ஒவ்வொருவராகக் கட்டில் பக்கத்தில் வந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். யாரும் மழை நின்றதைச் சொல்லவில்லை. குருவையா மட்டும் போகும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "எப்பம்மா வாரீக?" என்று கேட்டார்.

"பிள்ளைக்கு ஆகலையே அண்ணாச்சி. அந்த வீடு ஆகாதுங்காங்க."

"அதுக்கென்ன. பிள்ளைய நாங்க பாத்துக்கிறோம். வெயிலுக்கா பஞ்சம் நம்மூர்ல" என்றார். மிகவும் அன்பாகத்தான் சொன்னார்.

கோமதியைச் சீனியம்மாள் வீட்டில் விட்டார்கள். ஒரு வேலிதானே என்று வடிவு தன்னைத் தேற்றிக்கொண்டாள். அவள் வீட்டுக்குள் காலை வைத்து, ஈரத் தரையில் பாயை விரிப்பதற்குள் ஓட்டில் மழை விழத் தொடங்கியது. தெருவில் குடங்களை எடுத்துவைக்கிற சத்தம் கேட்டது.

காய்ந்த வீட்டில் பிள்ளை தேறினாள். மச்சியில் வத்தலோடு வத்தலாகக் காய்ந்தாள், சீனியம்மாளின் பேரன் பேத்திகளோடு விளையாடினாள், கன்னத்தில் சதை பிடித்தது. வடிவு தன் வாசலிலிருந்து பார்ப்பாள். நடுவில் மழை விழுந்துகொண்டே இருப்பதால் மகள் எப்போதும் ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோலத் தெரிவாள். சிரிப்பது தெரியும், என்ன சொல்லிச் சிரிக்கிறாள் என்பது கேட்காது. வடிவு பகலில் வேலியைத் தாண்டிப் போய்த் தலை பின்னிவிடுவாள், சோறு ஊட்டுவாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பின்னால் மழைச் சத்தம் மெலியும். தெருவில் போகிறவர்கள் நடையை நிறுத்திக் கூரையைப் பார்ப்பார்கள். வடிவாகவே கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

திரவியத்துக்கு மூட்டுகள் வீங்கின. ஊர் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது, குழாயில் சின்னக் கசிவு என்றாலும் அவனைத்தான் கூப்பிட்டது, கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மாலை அவனுக்குத்தான் விழுந்தது. ஆனால் காலையில் அவனால் விரலை மடக்க முடியவில்லை. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒருநாள் கிளம்பினான். "அங்க மழையே கூடாதும்பான் வடிவு. மழை விழுந்தா உப்பு போச்சு" என்று சொன்னபோது அவன் முகத்தில் வந்த ஆசையை அவளால் வைய முடியவில்லை. வாராவாரம் ஒரு மூட்டை உப்போடு வந்தான். அவள் எல்லாவற்றையும் அந்த உப்பில் ஊறப்போட்டாள். பிறகு மாதாமாதம் வந்தான். பிறகு உப்பை மட்டும் பஸ்ஸில் கொடுத்துவிட்டான்.

அப்படியே போய்க்கொண்டிருந்த ஒரு காலத்தில், கோமதி ஆறாம் வகுப்புக்குப் போகிற வருஷம், வடிவுக்கு முடியாமல் போனது. காய்ச்சல் என்று படுக்கவில்லை. காலையில் எழுந்து கையைப் பார்த்தாள். உள்ளங்கை ஊறி வெளுத்துச் சுருங்கி, உப்பு நீரில் கிடந்த காய்போல இருந்தது. பிறகு இரண்டு புடவையைப் பையில் வைத்தாள், வேலவனின் போட்டோவைத் துணியில் சுற்றி வைத்தாள், கதவைச் சாத்தினாள், வேலிப்படலைக் கட்டினாள், சீனியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"நான் போறேங்க்கா. பிள்ளையக் கூட்டிக்கிட்டு உப்பளத்துக்கே போயிருதேன்."

சீனியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். அழுவாள், காலைப் பிடிப்பாள், ஊரைக் கூட்டுவாள் என்று வடிவு நினைத்திருந்தாள். அவள் எதுவும் செய்யவில்லை. உள்ளே போய்க் கோமதியின் பாவாடை சட்டையெல்லாம் எடுத்து, ஒவ்வொன்றாக உதறி, மடித்து, பையில் வைத்துக் கொண்டுவந்தாள். மேலே மூச்சுக்கு இழுக்கிற மருந்துக் குழலை வைத்தாள்.

"வண்டியில போகும்போது சன்னலோரம் உக்கார வைக்காத. தூசி ஆகாது அவளுக்கு" என்றாள். அவளுடைய மருமகள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். பேரன் குடிப்பதற்கு மொண்ட தம்ளரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். பின்னால் வடிவின் வீட்டு ஓட்டில் மழை மெலிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

கோமதி மச்சியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் வடகம் பிழிந்த மாவு ஒட்டியிருந்தது.

"எங்கம்மா போறோம்?"

"அப்பாகிட்ட. இனி நாம ஒண்ணா இருக்கலாம்."

"எப்ப திரும்பி வருவோம்?"

வடிவு பையின் வாயை இழுத்துக் கட்டினாள். பிள்ளை அம்மாவைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், சொட்டத் தொடங்கியிருந்த ஓட்டு விளிம்பைப் பார்த்தாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு விடை சொல்வதுபோல, தயங்காமல் சொன்னாள்:

"நீ போனா தண்ணி நின்னுருமேம்மா. பெரியம்மா எங்க போகும்? இவங்கல்லாம் மறுபடி திருப்பூர் போகணும்ல."

"உனக்கு அம்மா வேண்டாமா?"

"வேணும். நீ அங்க இரு. நான் இங்க இருக்கேன்ல, தெனமும் பாக்கத்தான செய்யிறேன்" என்றாள் கோமதி. அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்து பக்கத்தில் வந்து, மாவு படாமல் முழங்கையால் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "எனக்கு இங்க மூச்சு நல்லா வருதும்மா."

சீனியம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்களா என்று வடிவு அவளைக் கேட்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பிள்ளை அந்த ஊரில் வளர்ந்திருந்தாள், அவ்வளவுதான். வடிவு குனிந்து மகளின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். விசில் இல்லை. காற்று சுத்தமாகப் போய் வந்துகொண்டிருந்தது. தன் பையை எடுத்துக்கொண்டு, வேலிப்படலின் கட்டை அவிழ்த்து, உள்ளே போனாள். அவள் முற்றத்தின் நடுவுக்கு வருவதற்குள் மழை பலத்தது. நன்றி சொல்ல ஒருவரும் வரவில்லை. மறுநாள் காலையில் எல்லோர் வீட்டிலிருந்தும் ஏதோ ஒன்று வந்தது; ஒரு படி உளுந்து, கொஞ்சம் எள், காய்ந்த புடவை, சூடான தலையணை.

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடம் வந்தது. ஊருணி கரை தொட்டு நின்றது. கள்ளிப்பொட்டல் வத்தலும் வடகமும் என்று பக்கத்துச் சந்தைகளில் கேட்டு வாங்கினார்கள். வடிவு சொல்லிக் கொடுத்த பக்குவத்தில் அவள் வீட்டுத் தண்ணீரில் பிசைந்து, மற்ற எல்லோர் மச்சியிலும் காய்ந்தவை அவை. வடிவின் தலை நரைத்தது. குரல் கரகரத்தது, மழைக்கு மேலே பேசிப் பேசிச் சத்தமாகப் பேசுவது பழக்கமாகிவிட்டது. அவள் வேலியைத் தாண்டுவது குறைந்தது. கோமதி காலையிலும் மாலையிலும் வேலியோரம் வந்து நின்று பேசுவாள். சொன்னபடி ஒருநாளும் தவறவில்லை. சீனியம்மாளை அவள் பெரியம்மா என்று கூப்பிடுவது நாளாக ஆகச் சுருங்கிப் "பெம்மா" என்று ஆகி, தூரத்திலிருந்து கேட்டால் அம்மா என்றே விழுந்தது.

கழுகுமலைப் பக்கம் ஒரு பையனுக்குக் கோமதியைக் கேட்டு வந்தார்கள். கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். ஊர் முழுக்கத் தன் வீட்டுக் கல்யாணமாக வேலை பார்த்தது. அதற்கு முந்தின நாளே எல்லாத் தொட்டிகளையும் அண்டாக்களையும் நிரப்பிக்கொண்டார்கள், ஏனென்றால் தாலி கட்டும்போது வடிவு பந்தலில் இருந்தாக வேண்டும்.

காலையில் அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வேலியைத் தாண்டினாள். திரவியம் உப்பளத்திலிருந்து வந்திருந்தான். வெயிலில் கறுத்து, இளைத்து, கண் ஓரங்களில் வெள்ளைக் கோடுகளோடு இருந்தான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தாரை வார்த்தார்கள். அவன் கை காய்ந்து கல்லாக இருந்தது, அவள் கை சில்லென்று இருந்தது. மேளம் நின்றபோது, அந்த ஊர் பல வருஷங்களாகக் கேட்காத ஒன்றைக் கேட்டது. மழைச் சத்தம் இல்லை. பிள்ளைகள் காதைத் தேய்த்துக்கொண்டார்கள். பந்தலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் தாங்கள் கத்திக்கொண்டிருப்பதை உணர்ந்து குரலைத் தாழ்த்தினார்கள். கீழ்க்கோடியில் வடிவின் வீட்டு ஓட்டில் வெயில் விழுந்தது. பாசி பிடித்த சுவர்களிலிருந்து ஆவி எழும்பியது. வடிவு அதைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெயிலில் தன் வீடு அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

பந்தி ஓடியது. கழுகுமலைக்காரர்கள் கை கழுவ அண்டாவிலிருந்து தாராளமாக மொண்டார்கள். உள்ளூர்க்காரர்கள் ஒவ்வொரு செம்பையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குருவையா, கிழவராகிக் கம்பு ஊன்றியிருந்தவர், வடிவு இருந்த பக்கம் வந்து, கீழ்க்கோடிக் கூரையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பெண்ணை வழியனுப்பக் கார் வந்து நின்றது. பெண்ணோடு கூடப் போய் மாப்பிள்ளை வீட்டில் விட்டு வர, பெண் வீட்டுப் பொம்பளை ஒருத்தி ஏற வேண்டும். கோமதி மாலையோடு வந்து அம்மாவின் காலைத் தொட்டு எழுந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நீயும் வாம்மா. ஒருநாள்தான. விட்டுட்டு வந்துரலாம்."

பந்தலில் நின்றவர்கள் எல்லோரும் வேறு ஏதோ வேலையாக இருப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. அதன் தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

"பெரியம்மா வருவாக" என்றாள் வடிவு. சத்தமாகச் சொல்லிவிட்டது அவளுக்கே தெரிந்தது. குரலைத் தாழ்த்தி, "அவுகதான் வளர்த்தாக. அவுக வாரதுதான் முறை" என்றாள்.

கோமதி அவள் கையை விடாமல் நின்றாள். பிறகு விட்டாள்.

சீனியம்மாள் காரில் ஏறி உட்கார்ந்து, தூசி விழாமல் கோமதி பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினாள். கார் கிளம்புவதற்கு முன்பே வடிவு நடக்கத் தொடங்கிவிட்டாள். கீழ்க்கோடிக்குப் போகிற வழியில் இரு பக்கமும் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வேலியை அடைந்து, படலைத் திறந்து, காய்ந்து வெளுத்திருந்த முற்றத்தில் கால் வைத்ததும் முதல் துளி அவள் தோளில் விழுந்தது. அவள் திரும்பி நின்று பார்த்தாள். கரிசல் காட்டுக்கு நடுவில் கார் போவது தெரிந்தது, பின் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கை அசைவது தெரிந்தது. அது சாலை முனையில் திரும்புவதற்குள் மழை அடர்த்தியாக இறங்கிவிட்டதால், அசைத்தது மகளா சீனியம்மாளா என்று அவளால் பார்க்க முடியவில்லை.